கேள்வி–பதில்: மெய்நிகர் மேசைத்தளத்தில் தாமதம்

கேள்வி: எங்கள் தோட்ட அலுவலகக் கிராணிமார்கள் மெய்நிகர் மேசைத்தளத்தில்தான் (சர்வரில் இயங்கி, இணைப்பு வழியாகத் திரையில் தெரியும் கணினி) செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை–சம்பளப் பதிவேடு, பதிகிறார்கள். சம்பள வாரத்தில் தட்டிய எழுத்து தாமதமாகவே திரையில் தோன்றுகிறது. எதைக் கண்காணிக்க வேண்டும்? மேலாளர் அவர்களுடைய திரைகளையும் பார்க்க விரும்புகிறார்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சர்வரின் மொத்த சிபியு பயன்பாட்டு அளவை மட்டும் பார்ப்பது இதற்குப் போதாது. தட்டிய விசையைச் செயலி (மென்பொருள்) எடுத்துக்கொள்ளும் வரையிலான தாமதத்தை மில்லிவினாடியில் காட்டும் 'யூசர் இன்புட் டிலே பெர் செஷன்' என்னும் அளவி விண்டோஸ் சர்வர் 2019 முதல் இருப்பதால், விண்டோஸின் கண்காணிப்புக் கருவியான பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் அதை அமர்வுவாரியாக (ஒவ்வொரு பயனரின் உள்நுழைவுக்கும் தனித்தனியாக) சேர்த்து, சம்பள வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிடுங்கள். அந்த எண் குறைவாக இருந்தும் திரை திணறினால், தோட்டத்து இணைய இணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

திரையைப் பார்ப்பதற்கு, குரூப் பாலிசியில் (விண்டோஸ் கணினிகளுக்கு நிர்வாகி விதிகளை அமைக்கும் வசதி) பயனரின் அனுமதியோடு பார்வையிட மட்டும் இடமளிக்கும் தேர்வையே வையுங்கள். பிறருடைய சம்பள விவரம் திறந்திருக்கும் திரை அது.