அரங்கேற்றத்துக்கு அவசரப்படாதீர்கள், தங்கச்சி

ரொறன்ரோவுக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்கிறீர்கள். எந்தப் பக்கம் வாடகை மலிவு, குளிர் உடுப்பு எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல நூறு பேர் வருவார்கள். 'எல்லாம் தானாகக் கிடைக்கிறது என்று பிள்ளைகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள், கோயிலில் விடுவதா, சங்கீதத்தில் விடுவதா?' என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

இரண்டிலும் விடுங்கள். ஆனால் விட்டுவிட்டு வாசலில் காருக்குள் இருந்து போன் பார்க்காதீர்கள். இங்கே பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். சனிக்கிழமை காலை தமிழ், மத்தியானம் வயலின், பின்னேரம் பரதம். பிள்ளை பார்சல் மாதிரி வீடுவீடாகப் போய் வருகிறது.

அடுத்தது அரங்கேற்றம். கல்யாண வீடு தோற்றுப் போகும்! மண்டபம், வீடியோ, ஆளுயரப் படம், அம்மா எழுதிக் கொடுத்த நன்றியுரை. அடுத்த மாதம் வயலின் கட்டிலுக்குக் கீழே. நான் மேடைக்கு எதிரி இல்லை, என் மகளும் ஏறியவள்தான். கைதட்டு வாங்க மட்டும் பழகிய பிள்ளைக்கு நன்றி எங்கிருந்து வரும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் காலத்தில் பண்ணிசை வகுப்பு ஒரு பேஸ்மென்டில் நடந்தது. ரீச்சர் தொழிற்சாலை வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வருவார். சப்பாத்தில் பனி ஒட்டியிருக்கும், துணிப்பைக்குள் சுருதிப்பெட்டி. வகுப்பு முடிந்ததும் அந்தப் பையை முறைவைத்து ஒரு பிள்ளை பஸ் தரிப்பு வரை தூக்கிக்கொண்டு போகவேண்டும், பஸ் வரும்வரை அவருடன் நிற்கவும் வேண்டும். மூக்கு விறைக்கும் குளிரில் என் மகள் முணுமுணுத்துக்கொண்டுதான் நிற்பாள். இன்றைக்கும் சரஸ்வதி பூசை அன்று நான் சொல்லாமலே ரீச்சருக்குப் போன் எடுக்கிறாள்.

கோயிலிலும் அப்படித்தான். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிறுத்தியது போதும், அன்னதானத்தில் பரிமாற விடுங்கள். கடைசிப் பந்திக்குப் பாயசம் காணுமா என்று கவலைப்பட்ட பிள்ளை தன் தட்டில் சோற்றை மிச்சம் வைக்காது. மார்கழியில் திருவெம்பாவைக்குத் தூக்கத்தோடு வந்தாலும் பரவாயில்லை, கூட்டிப்போங்கள். தேவாலயம் போகிறவர்கள் என்றால் பாடகர் குழு இருக்கிறது. அதிலும் பாட்டு முடிந்து கதிரை அடுக்குகிற வேலையைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுங்கள்.

அக்டோபர் இரண்டாவது திங்கள் இங்கே நன்றி கூறும் நாள். யாருக்கு நன்றி என்று எழுதிவரப் பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். அப்போது 1986 ஆகஸ்ட் கதையைச் சொல்லுங்கள். கனடாவின் கிழக்கே, நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை, கஸ் டால்டன் என்ற படகுத் தலைவரும் மற்ற மீனவர்களும் ஏற்றிக் கரைசேர்த்தார்கள். 2016இல், முப்பது வருடம் கழித்து, அவர்களில் சிலர் அங்கே திரும்பிப் போய் நன்றி சொன்னார்கள்.

நான் விமானத்தில் வந்தவன். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கியபோது என்னை ஏற்ற வந்தவர் உறவுமில்லை, ஊருமில்லை, யாரோ சினேகிதரின் சினேகிதர். தன் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டுச் சட்டையோடு கார் வரை நடந்தார். அவர் வீட்டு வரவேற்பறை நிலத்தில் எத்தனை பேர் படுத்து எழும்பினோம்! அவர்களில் பலர் இப்போது பெரிய வீட்டுக்காரர்கள், அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் போகிறோம். மனுசன் கொஞ்சம் கண்டிப்பு. எங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு தேவாரமாவது பாடி முடிக்கும்வரை வடைத் தட்டைத் தன் மடியிலேயே வைத்திருப்பார்.