தோலில் கொப்புளம் என்றால் உள்ளே கேன்சரா?

கேள்வி: தக்கலைப் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை உண்டு. ஒன்றரை மாதமாக வயிற்றிலும் தொடையிலும் அரிப்போடு பெரிய பெரிய கொப்புளங்கள். அக்கி என்று நினைத்து முதலில் காவி எழுதினோம். இப்போது சதை எடுத்து டெஸ்ட் செய்து ‘புல்லஸ் பெம்பிகாய்டு’ என்கிறார்கள். உள்ளே கேன்சர் இருந்தால்தான் இப்படி வரும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. திருவனந்தபுரம் போய் உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்கவா?

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிட வையுங்கள். பெம்பிகாய்டு என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு ஒட்டிவைக்கும் புரதங்களையே தாக்குவதால் வருவது. எழுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் அதிகம் வரும். கேன்சரும் அந்த வயதில் அதிகம் வருவதுதான். ஆகவே சிலருக்கு இரண்டும் சேர்ந்து இருப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றால் மற்றொன்று வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த நோய்க்காக மட்டும் முழு உடல் ஸ்கேன் தேவையில்லை.

அதைவிட அவசரமாகச் செய்ய வேண்டியது, அப்பாவின் சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்பது. மருந்தின் பெயர் ‘கிளிப்டின்’ என்று முடிகிறதா? வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்றவை, குறிப்பாக வில்டாகிளிப்டின், இந்த நோயைத் தூண்டிவிடலாம். பல சமயம் மெட்பார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு ஒரே மாத்திரையாக வருவதால் பொடி எழுத்தையும் படியுங்கள். ‘இதை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறாரே’ என்று விட்டுவிடாதீர்கள். தொடங்கிப் பல மாதம் கழித்தும் கொப்புளம் வரலாம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, கேன்சரோடு வரும் கொப்புள நோயே இல்லையா? உண்டு, ஆனால் அது வேறு. 1990-இல் விவரிக்கப்பட்ட பாரானியோபிளாஸ்டிக் பெம்பிகஸ் என்ற அபூர்வ நோய் பெரும்பாலும் லிம்போமா (நிணநீர்ப் புற்று), நாள்பட்ட ரத்தப் புற்று, தைமஸ் (நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள சுரப்பி) கட்டி போன்றவற்றோடு வரும். அதில் வாய்தான் முதலில் வெந்துபோகும். உதடு முழுக்க ரத்தம் கட்டிக் காய்ந்திருக்கும், கஞ்சி குடித்தால்கூட எரியும், கண் சிவக்கும், மருந்துக்கு லேசில் அடங்காது. அப்பாவுக்கு இப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள். அப்போது ஸ்கேன் கட்டாயம். வாயில் மட்டும் புண் வந்து ஆறாத சில பெம்பிகாய்டு வகைகளிலும் உள்ளே தேடிப் பார்ப்போம்.

மற்றபடி எடை குறைகிறதா, மலத்தில் ரத்தம், நாள்பட்ட இருமல், கழுத்தில் கட்டி உண்டா என்று கவனியுங்கள். வெற்றிலை, புகையிலை போடுபவர் என்றால் வாயையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இவை அந்த வயதில் எல்லோருக்குமே பார்க்க வேண்டியவை. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலே போதும்.

அப்புறம், படுக்கையில் உடைந்த கொப்புளம் துணியோடு ஒட்டி இழுக்கும்போது அவருக்கு உயிர் போகிற மாதிரி வலிக்கும். நம் ஊரில் வாழை இலைக்கா பஞ்சம்? குருத்து இலையை வெந்நீரில் அலசி ஆறவைத்து விரித்துப் படுக்க வையுங்கள், தினமும் மாற்றுங்கள். கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் சர்க்கரை ஏறும். வாரம் இரண்டு முறையாவது சர்க்கரையைப் பாருங்கள், ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.