சீட்டைத் தள்ளி எடுத்து மாலத்தீவு போகலாமா?

கேள்வி: நாங்கள் அவினாசி. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்ச்சன்டைசர். நான் பள்ளி ஆசிரியை. டிசம்பரில், இன்னும் நான்கு மாதத்தில், 25-வது கல்யாண நாள். மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி, ஆலப்புழை என்று காரில் சுற்றிவிட்டு, கொச்சியிலிருந்து மாலத்தீவு போக ஆசை. மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார்கள். கையில் 1,20,000 இருக்கிறது. 3 லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் 30 மாதத்தில் 10 மாதம் கட்டிவிட்டோம். 60,000 தள்ளினால், அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து ஏலம் கேட்டால், இப்போதே எடுக்கலாம். இல்லை, நகையை வைக்கலாமா? சீட்டு கட்டியதுபோக மாதம் 20,000 மிச்சமாகிறது. பெண் கல்லூரியில் படிக்கிறாள்.

பதில்: அவசியம் போய் வாருங்கள். "பிள்ளைக்குக் கல்யாணம் முடியட்டும்" என்று நாளைக் கடத்தி, முட்டிவலி வந்த பிறகு கிளம்புகிறவர்களை நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன்.

ஆனால் சீட்டைத் தொடாதீர்கள். இப்போது தள்ளி எடுத்தால் கைக்கு வருவது 2,40,000. கடைசிவரை இருந்தால், சீட்டு நடத்துகிறவரின் 5% கமிஷன் போக 2,85,000. இரண்டிலும் மீதித் தவணைகளை நீங்கள் கட்டத்தான் வேண்டும். ஆக, 2,40,000 ரூபாயை 20 மாதம் முன்னதாக வாங்க 45,000 கொடுக்கிறீர்கள். வருடத்துக்கு 11 சதவீதத்துக்கு மேல் வட்டி. பெண்ணின் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ என்றால் நானே எடுக்கச் சொல்லியிருப்பேன். நகையும் வேண்டாம். ஊர் சுற்ற வைத்த நகையை வருடாவருடம் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைப்பதே வழக்கமாகிவிடும். விவசாய நகைக்கடனில் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது வெள்ளாமைக்கானது.

பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். டிசம்பரில் அரையாண்டு விடுமுறை இருக்கிறது. கார் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பில் 70,000-க்குள் முடிக்கப் பாருங்கள், மீதி 50,000 அவசரத்துக்கு இருக்கட்டும். அது சபரிமலை சீசன், கன்னியாகுமரியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் நெரியும்; அறையை இப்போதே பதிவு செய்யுங்கள். ஆலப்புழையில் கிறிஸ்துமஸ் வாரத்தில் படகுவீட்டில் இரவு தங்கினால் வாடகை எகிறும். பகலில் சில மணி நேரம் படகில் போனாலே காயலைப் பார்த்துவிடலாம்.

மாலத்தீவை மே மாதத்துக்குத் தள்ளுங்கள். இந்த மாதமே 20,000 ரூபாய் ஆர்.டி. தொடங்கினால் ஏப்ரலுக்குள் 9 தவணை, 1,80,000. அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரை விலை உச்சம், அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவு விருந்துக்குப் பல ரிசார்ட்டுகளில் கட்டாயக் கட்டணம் உண்டு. மே மாதம் மழை வரலாம், ஆனால் வாடகை இறங்கும், உங்களுக்கும் கோடை விடுமுறை. இரண்டு தடவை கிளம்பினால் வீண்செலவோ என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஊர் வழியாகப் போகும் 544-ஆம் எண் நெடுஞ்சாலைதான் பாலக்காடு தாண்டிக் கொச்சிக்கும் போகிறது.

விளம்பர விலையை நம்பி அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள். ஓர் இரவு 30,000 என்று போட்டிருந்தால் 10% சர்வீஸ் சார்ஜ், அதற்கும் சேர்த்து 17% சுற்றுலா வரி ஏறி 38,610 ஆகும். ரிசார்ட் என்றால் பசுமை வரி ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் தனி. மாலே விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகும் ஸ்பீட்போட் கட்டணத்தையும் கேளுங்கள்; கடல்விமானத்தில்தான் போக முடியும் என்ற தீவை விட்டுவிடுங்கள். ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட் என்பதால் சாப்பாட்டுக்கு வெளியே கடை இருக்காது. மூன்று வேளையும் சேர்ந்த விலையா என்று எழுத்தில் வாங்குங்கள். என் யோசனை: மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவில் விருந்தினர் விடுதியில் மூன்று இரவு, ரிசார்ட்டில் ஒரே இரவு. கடல் ஒன்றுதான், பில்தான் வேறு.

டூர் கம்பெனி மூலம் வெளிநாட்டுப் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ், அதாவது பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள். அது செலவல்ல, உங்கள் வரிக் கணக்கில் ஏறும், ரிட்டர்னில் வரியோடு கழித்துக்கொள்ளலாம். உங்கள் இருவரில் வருமான வரி கட்டுகிறவரின் பான் எண்ணில் பதிவு செய்யுங்கள்.