பெருந்தொற்று நேரத்தில் உள்ளூராட்சி சபைகள் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களைப் பாதுகாப்பாக நடத்த முடியுமா?

முடியும். நாங்கள் நடத்தியிருக்கிறோம், அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் ஒரு சபையில் வேலை செய்பவராகவோ, "இப்போதைக்கு ஒன்லைனில் வைத்துக்கொள்வோம்" என்று மேலிடம் சொன்னதைக் கேட்டு என்ன செய்வதென்று யோசிக்கும் சங்கக்காரராகவோ இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் கொழும்பு 13 ஆள். 2020 ஒக்டோபரில் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோது பேலியகொட மீன் சந்தையில் தொற்றுப் பரவி, எங்கள் பக்கத் தோட்டங்களை (நெருக்கமாக வீடுகள் உள்ள குடியிருப்புகளை) எல்லாம் வாரக்கணக்கில் மூடிவைத்தார்கள். திறந்த பிறகு எங்கள் முடுக்கில் கானை (தண்ணீர் ஓடும் வடிகாலை) அகலமாக்கும் வேலைக்குக் கருத்துக் கேட்பதாக ஒரு அலுவலகம் (பெயர் வேண்டாம்) சூமில் கூட்டம் வைத்தது. யாருடைய வாசற்படியும் குசினிச் சுவரும் இடிபடப் போகிறதோ அவர்களால்தான் அதில் வர முடியவில்லை. வீட்டுக்கு ஒரு போன், அதிலும் பிள்ளைக்கு வகுப்பு, வேலையில்லாத நேரத்தில் டேட்டாவுக்கு ரீலோட் போட யாரிடம் காசிருந்தது? பக்கத்து வீட்டு அக்கா என் போனில் வந்து, பேச ஆயத்தமாகி உட்கார்ந்திருந்தார். "மிஸ், எங்கட சுவர்..." என்று தொடங்கினார், லைன் வெட்டுப்பட்டது. பிறகு வந்த அறிக்கையில் ஆட்சேபனை எதுவுமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

இதை நாங்கள் விடவில்லை. பொதுச் சுகாதார பரிசோதகரிடம் போய்ப் பேசினோம். ஒரு நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று அவர் சொன்ன கணக்குக்குள், வீட்டு வரிசைப்படி நேரம் பிரித்து, கோயிலுக்கு முன்னால் கூரை மட்டும் உள்ள, சுவரில்லாத கொட்டகையில் வைத்தோம். கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். பேசும்போதும் மாஸ்க்கைக் கழற்றக்கூடாது. வயசாளிகளும் நோயாளிகளும் வரத் தேவையில்லை, அவர்கள் சொன்னதை இளைஞர்கள் வாசலில் நின்று எழுதி வாங்கி வந்து கூட்டத்தில் வாசித்தார்கள். மைக் கட்டாயம் வைத்தோம். அது ஆடம்பரத்துக்கில்லை, கத்திப் பேசினால் வாயிலிருந்து கிருமி கூடுதலாக வெளியேறும். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மூடிய மண்டபத்தில் பாடல் பயிற்சிக்கு வந்த 61 பேரில், உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்றியது. அப்படியிருந்தும் இங்கே வேறொரு கூட்டத்தில் ஏ.சி.க்காக ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மேசையை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வயிறெரிந்தது. முதலில் ஜன்னலைத் திறவுங்கள், மேசையைப் பிறகு துடைக்கலாம்.

அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், நேரில் கானைப் பார்த்தார்கள், அக்காவின் சுவருக்குப் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்து மறுபக்கம் இடமிருப்பதைக் கண்டு, கான் போகும் கோட்டை மாற்றிப் போட்டார்கள். போனில் இது எப்படித் தெரிந்திருக்கும்?

உயிரைவிடக் கூட்டம் பெரிதா என்று யாராவது கேட்பார்கள். இல்லை. எங்கள் தோட்டத்திலும் ஆட்களை இழந்திருக்கிறோம், எனக்கு அது தெரியும். அவசரமில்லாத வேலை என்றால் வேலையையே தள்ளிப் போடுங்கள், நானும் ஆதரிப்பேன். கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டு வேலையைத் தொடர்வதைத்தான் ஏற்க முடியாது. 2020 ஓகஸ்ட் 5 பாராளுமன்றத் தேர்தலுக்கு மாஸ்க்கும் சொந்தப் பேனையுமாக நாடே வரிசையில் நின்று வாக்குப் போட்டது. நாடே வாக்குப் போடலாமென்றால் ஒரு முடுக்கு ஆட்கள் பேசக்கூடாதா? சூம் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வசதியுள்ளவர்களுக்கு அதையும் வையுங்கள், கூடவே தொலைபேசி இலக்கமும் கிராம சேவகர் அலுவலகத்தில் ஒரு பெட்டியும் இருக்கட்டும். அறிவித்தல் தமிழிலும் இருக்க வேண்டும். எங்கள் சுவரில் ஒட்டியது சிங்களத்தில் மட்டும்தான், தமிழ் அரச கரும மொழியாகி இத்தனை வருசத்துக்குப் பிறகும்.

இன்னொன்று, கேட்டதுக்குச் சம்பந்தமில்லைதான். 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளித் தள்ளி 2025 மே 6 அன்றுதான் வைத்தார்கள். அப்போது கொரோனாக் கட்டுப்பாடுமில்லை. இரண்டு வருசம் எங்கள் வட்டாரத்துக்கு உறுப்பினரே இல்லை, கான் அடைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது? அதனால் கூட்டத்தை ஒத்திவைக்கிறோம் என்று யாராவது சொன்னால் எந்தத் திகதி வரைக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். கூட்டம் நடந்தால் யார் என்ன சொன்னார்கள் என்று அங்கேயே எழுதி, கலைவதற்கு முன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.