முதுகில் ஊசி போட்டால் நாய் நடக்குமா?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு 4 வயது, எடை 18 கிலோ. பைக் மோதியதில் பின்னங்கால் தொடை எலும்பு முறிந்துவிட்டது. பிளேட் வைக்கும் அறுவை சிகிச்சைக்கு முன் முதுகில் ஓர் ஊசி போடுவதாகவும், பிறகு வலி அதிகம் இருக்காது என்றும் மருத்துவர் சொல்கிறார். தண்டுவடத்தில் பட்டு நடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. மயக்க மருந்தே போதாதா?

பதில்: போதாது. மயக்கத்தில் நாய்க்கு வலி தெரியாதே தவிர, வெட்டுப்பட்ட இடத்திலிருந்து வலியின் தூண்டல்கள் தண்டுவடத்துக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அந்த ஓயாத தூண்டலில் நரம்புகள் கூருணர்வு பெற்றுவிடுவதால், விழித்த பிறகு லேசாகத் தொட்டாலே வலிக்கும். தொடை எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து இரவெல்லாம் முனகிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன். முதுகில் போடும் இந்த ‘எபிடியூரல்’ ஊசி அந்த வலியைத் தண்டுவடத்திலேயே மறித்துவிடும். கத்தி வைப்பதற்கு முன்பே போடுவது இதற்காகத்தான். ஆகவே, தயங்காமல் சம்மதியுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நாயின் தண்டுவடம் பெரும்பாலும் 6 அல்லது 7-ஆவது இடுப்பு முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடும். ஊசி போகும் இடம் அதற்கும் பின்னால், 7-ஆவது முள்ளெலும்புக்கும் அதை அடுத்து வாலுக்கு முன்னால் இருக்கும் திருவெலும்புக்கும் நடுவே; அதுவும் தண்டுவட உறைக்கு வெளியே. மயக்கத்தில் இருக்கும் நாயின் இடுப்பெலும்பு மேடுகள் இரண்டின் மீதும் கட்டைவிரலையும் நடுவிரலையும் வைத்து, ஆள்காட்டி விரலால் நடுப்பள்ளத்தைத் தேடுவோம். ஊசியின் தலையில் ஒரு சொட்டு உப்பு நீர் நிற்கும். உள்ளே உறுதியான தசைநாரை ஊசி துளைப்பது விரலுக்குத் தெரியும். அந்த நொடியில் சொட்டு உள்ளே இழுபட்டால் இடம் சரி. எல்லா நாய்களிலும் அது இழுபடாது; அப்போது வேறு வழிகளில் உறுதிசெய்வோம்.

வழக்கமாகப் போடுவது வலியடக்கும் மார்ஃபினும், மரத்துப்போகச் செய்யும் புபிவகெய்னும். மார்ஃபின் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்றால் உங்கள் நாய்க்கு 1.8 மில்லிகிராம்தான். அவ்வளவு சிறிய அளவே 12 முதல் 24 மணி நேரம் வரை வலியை அடக்கும். மார்ஃபினை வைத்திருக்க எல்லா இடங்களிலும் வசதி இருக்காது. அதற்குப் பதில் என்ன போடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புபிவகெய்னால் பின்னங்கால்கள் சில மணி நேரம் துவண்டு கிடக்கும். நீங்கள் அஞ்சும் காட்சி அதுதான், ஆனால் மருந்தின் வேகம் குறைந்ததும் அது சரியாகிவிடும்.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை பார்த்தாயிற்றா? நம் ஊர் நாய்களுக்கு உண்ணித் தொல்லை அதிகம். உண்ணியால் பரவும் எர்லிக்கியா நோய் தட்டணுக்களைக் குறைத்துவிடும். அந்த நிலையில் ஊசி போட்டால் தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டி, நீங்கள் பயப்படும் செயலிழப்பு உண்மையிலேயே வரலாம். உண்ணி இருந்ததையோ சமீபத்தில் காய்ச்சல் வந்ததையோ மறைக்காமல் சொல்லுங்கள். ஊசி போடும் இடத்தில் புண் இருந்தாலும், விபத்தில் இடுப்பெலும்பு சிதைந்திருந்தாலும், ரத்த அழுத்தம் மிகவும் குறைந்திருந்தாலும் இந்த ஊசி கூடாது. அதற்குப் பதிலாக, காலுக்குப் போகும் நரம்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வழுக்கும் டைல்ஸ் தரையில் விடாதீர்கள். கோணிச்சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். எழுப்பும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்குங்கள். ஒத்தடம் வேண்டாம், சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வலி மீண்டும் தலைகாட்டினால் மருத்துவர் எழுதித்தந்த மருந்தை மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென் நாய்க்கு ஆபத்து.

மார்ஃபின் போட்ட சில நாய்களுக்குச் சிறுநீர் தேங்கும். அறுவை சிகிச்சை முடிந்து 12 மணி நேரமாகியும் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.