எம்33-இல் விண்மீன் பிறக்கும் முகில்கள்: வாசகர் கேள்விகள்

பென்னாகரத்திலிருந்து 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் என்ஜிசி 604 தெரியுமா?

தெரியும். எம்33 என்ற விண்மீன் மண்டலத்தில் (கேலக்ஸி) விண்மீன்கள் பிறக்கும் ஒளிரும் வாயு முகில்தான் என்ஜிசி 604. சுமார் 27 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தாலும், அதன் அகலமே ஏறத்தாழ 1,500 ஒளியாண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரி முதல் வாரத்தில் நிலவில்லாத இரவு 7.30 மணிக்கு வடக்கே சுமார் 70 டிகிரி உயரத்தில் எம்33-ஐத் தேடுங்கள். 40 மடங்கில் மண்டலத்தின் மங்கலான ஒளியைப் பிடித்து, மையத்திலிருந்து வடகிழக்கே 12 ஆர்க் நிமிடம் (ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் நிமிடம்) நகர்ந்து, 120 மடங்குக்கு மாற்றுங்கள்.

ஓசூர் வெளிச்சத்தில் ஹைட்ரஜன்-ஆல்ஃபா படம் எடுக்க 7 நானோமீட்டர் ஃபில்டர் போதுமா?

3 நானோமீட்டர் வாங்குங்கள். ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்பது ஒளிரும் ஹைட்ரஜன் வாயுவின் 656.3 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கோடு; ஃபில்டரின் எண் அது உள்ளே விடும் அலைநீளங்களின் அகலம். 7-இல் நகர வெளிச்சம் கூடுதலாக வரும், பக்கத்திலுள்ள 658.3 நானோமீட்டர் நைட்ரஜன் கோடும் கலந்துவிடும். எம்33 நம்மை நோக்கி நொடிக்குச் சுமார் 180 கி.மீ. வருவதால் 656.3-இல் இருக்க வேண்டிய கோடு 655.9-க்கு நகரும், அது 3-க்குள் அடங்கிவிடும். எஃப்/2 போன்ற அகன்ற ஒளியியலில் மட்டும் ஃபில்டரின் சாளரமே நீலப் பக்கம் சரியும். அதற்கென்றே செய்த ஃபில்டர் தேவை.

தருமபுரி கல்லூரி மாணவர்: குளிர்ந்த வாயுவைக் காட்டும் கார்பன் மோனாக்சைடு ரேடியோ வரைபடத்தையும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தவில்லை. பிழை எங்கே?

இரண்டு காரணங்கள் உண்டு, முதலாவதுதான் பிழை. படங்களின் கூர்மை வேறு வேறு. உதாரணமாக, 12 ஆர்க் செகண்ட் (ஒரு ஆர்க் நிமிடத்தில் 60-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) கூர்மையுள்ள ரேடியோ வரைபடத்தோடு 6 ஆர்க் செகண்ட் அகச்சிவப்புப் படத்தை ஒப்பிட, பின்னதை மங்கலாக்க வேண்டும். 12-இன் வர்க்கத்திலிருந்து 6-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 10.4, அதை 2.355-ஆல் வகுத்தால் 4.4. இதுதான் மங்கலாக்கப் பயன்படும் மணி வடிவ வளைவின் (காஸியன் கெர்னல்) அகல அளவான சிக்மா, ஆர்க் செகண்டில். மென்பொருள் கேட்பது பிக்சலில் என்றால் பிக்சல் அளவால் வகுக்க மறக்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஹைட்ரஜன்-ஆல்ஃபா படத்துக்கும் இதே கணக்குதான். அதில் விண்மீன் ஒளியை முதலில் கழித்துவிடுங்கள். மங்கலாக்கிய பின் கழித்தால் பிரகாசமான விண்மீன்களின் கறை படம் முழுக்கப் பரவும்.

இத்தனைக்குப் பிறகும் பொருந்தவில்லை என்றால், அது இயற்கை. எம்33-இல் ஒரு ஆர்க் செகண்ட் என்பது சுமார் 13 ஒளியாண்டு. பிறந்த பெருவிண்மீன்கள் சில லட்சம் முதல் சில மில்லியன் ஆண்டுகளுக்குள் தாய் முகிலைக் கலைத்துவிடுவதால், குளிர்ந்த வாயுவும் ஒளிரும் வாயுவும் அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த இடைவெளியை அளந்து பாருங்கள், அதில்தான் முகிலின் வயது இருக்கிறது.

மூலக்கூறு ஹைட்ரஜனையே நேரடியாகப் பார்க்கலாமே?

10-20 கெல்வின் குளிரில் அது ஏறக்குறைய ஒளிர்வதே இல்லை. அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு 2.6 மில்லிமீட்டரில் ஒளிரும், அதை அளந்து ஹைட்ரஜனைக் கணக்கிடுகிறோம். எம்33-இல் கனதனிமங்கள் (ஹீலியத்தைவிடக் கனமானவை) சூரியனில் உள்ளதில் ஏறத்தாழ பாதி. அந்த ஒளியை ஹைட்ரஜன் நிறையாக மாற்றும் எண்ணை நம் பால்வழியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் நிறை குறைவாக வரும்.

காவலூர் வானாய்வகத்திலிருந்து 24 மைக்ரான் அகச்சிவப்புத் தூசிப் படம் எடுக்கலாமா?

முடியாது. அந்த அலைநீளத்தில் காற்றுமண்டலமே பளிச்சென்று ஒளிரும், வரும் ஒளியையும் பெருமளவு உறிஞ்சும். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் பொதுத் தரவை இறக்கிக்கொள்ளுங்கள். புற ஊதாவுக்கு 2015-இல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட்டின் தரவு உண்டு, கூர்மை சுமார் 1.5 ஆர்க் செகண்ட்.