போக்கர் மேசையில் முதல் நாள்: கேள்வி பதில்

ஃப்ளாப், டர்ன், ரிவர் என்றால் என்ன?

இங்கே நான் பேசுவது டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தைப் பற்றி. ஆளுக்கு 2 சீட்டு மறைவாகக் கிடைக்கும். பிறகு மேசை நடுவில் 3 சீட்டுகளைத் திறப்பார்கள், அது ஃப்ளாப். நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர். மொத்தம் 7 சீட்டுகளில் சிறந்த 5தான் உங்கள் கை.

சீட்டையே பார்க்காமல் இருவர் பந்தயம் வைக்கிறார்களே?

அது பிளைண்ட். சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்டும் வட்டு டீலர் பட்டன். அதற்கு இடப்பக்கம் முதலில் இருப்பவர் சிறிய பிளைண்ட், அடுத்தவர் பெரிய பிளைண்ட். பட்டன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நகர்வதால் இந்தச் செலவு எல்லோருக்கும் வரும்.

செக், கால் இரண்டும் ஒன்றா?

இல்லை. யாரும் பந்தயம் வைக்காதபோது சிப் (பந்தயத்துக்கான வில்லை) போடாமல் முறையை அடுத்தவருக்கு விடுவது செக். வைத்த பந்தயத்துக்கு ஈடாகப் போடுவது கால். அதை உயர்த்தினால் ரெய்ஸ்.

எதிராளிக்கும் எனக்கும் ஏஸ் ஜோடிதான். நான் ஏன் தோற்றேன்?

கிக்கர். ஜோடி சமமானால் மீதிச் சீட்டுகளைப் பார்ப்பார்கள். உங்களிடம் ஏஸும் 7ம், அவரிடம் ஏஸும் ராணியும் இருந்திருக்கும். புதியவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். ஏஸைக் கண்டதும் துணைச் சீட்டை மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

‘அவுட்ஸ்’, ‘பாட் ஆட்ஸ்’ இரண்டும் தலை சுற்றுகின்றன.

பொறுமையாகப் பாருங்கள், இதுதான் ஆட்டத்தின் உயிர். டர்ன் வரை திறந்தாகிவிட்டது. உங்களுக்கு 4 ஹார்ட்ஸ் சேர்ந்திருக்கின்றன. ஐந்தாவது வந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். ஓர் இனத்தில் 13 சீட்டு, 4 கண்ணில் பட்டுவிட்டன, மீதி 9. உங்கள் கையை மேம்படுத்தும் இந்தச் சீட்டுகளே அவுட்ஸ். நீங்கள் பார்க்காதவை 46. ஆகவே வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடு.

இனி விலை, அதுதான் பாட் ஆட்ஸ். நடுவில் குவிந்திருப்பது பாட். அதில் 100 சிப் இருக்க, எதிராளி 100 வைக்கிறார். 200ஐ வெல்ல நீங்கள் 100 தர வேண்டும். கால் செய்ததும் பாட் 300, அதில் உங்கள் பங்கு 33 விழுக்காடு. வாய்ப்போ 20. கட்டாது. அவர் 25 மட்டும் வைத்திருந்தால்? 150 ஆகும் பாட்டில் உங்கள் பங்கு 25, அதாவது 17 விழுக்காட்டுக்கும் குறைவு. தாராளமாகக் கால் செய்யலாம். சீட்டு அதேதான், விலைதான் மாறியது.

போட்ட சிப்பை விட்டுவிட்டு ஃபோல்டு செய்ய மனம் வரவில்லையே?

பாட்டில் விழுந்த சிப் உங்களுடையது அல்ல. அடுத்து போடப்போவது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. கையை மடக்கி வைப்பதுதான் ஃபோல்டு. நல்ல ஆட்டக்காரர்கள் பெரும்பாலான கைகளை ஃப்ளாப்புக்கு முன்பே மடக்கிவிடுவார்கள்.

என்னிடம் 200தான், மற்ற இருவரிடமும் 500. இருப்பதை எல்லாம் வைத்து ஆல் இன் போனால்?

மூவரும் 200 போட்ட 600க்கு மட்டுமே நீங்கள் போட்டியிடலாம். அதற்கு மேல் அவர்கள் வைப்பது சைடு பாட், அது அவர்களுக்குள்.

டில்ட்?

ஒரு தோல்வியின் கோபம் அடுத்த ஆட்டத்தை ஆடுவது. பின்பால் இயந்திரத்தை ஆத்திரத்தில் சாய்த்தால் அது நின்றுபோகும். சொல் அங்கிருந்து வந்தது. அந்த நிலை வந்துவிட்டால் எழுந்து போய்விடுங்கள்.